அம்புக்குறி என்றொரு தோழி

காவிரிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும், அம்புக்குறியிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடித்த மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. சந்தேகமிருந்தால் ஸ்ரீரங்கம் போய் விசாரித்துப் பாருங்கள். விசாரிக்கும்போது அவள் மட்டும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தில்லை நகரில் ஒரு வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்பில்தான் அவள் எனக்கு வாய்த்தாள். ஆங்கிலத் தாளில் பிழை திருத்தும் கேள்விகள் வரும். 'அவன்', 'அவள்', 'அது' என்று எந்தச் சொல் வந்தாலும், அது யாரைக் குறிக்கிறதோ அந்தப் பெயர் வரை ஓர் அம்பு போடு, அம்பு போய்ச் சேரவில்லை என்றால் அங்கேதான் பிழை என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் வகுப்பில் மட்டும் போட்டோம். இவள் ஊர் முழுக்கப் போட்டாள், அதுவும் ஆள்காட்டி விரலால், காற்றில். அம்புக்குறி என்ற பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

ஒரு நாள் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் இரண்டு பெண்மணிகள் ரகசியம் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அவ வந்து அவகிட்ட சொல்லியிருக்கா. அவ உடனே நகையெல்லாம் கழட்டி வச்சுட்டாளாம்."

இவள் விரல் சீட்டுக்கு மேலே எழுந்தது. "மாமி, கழட்டி வச்சது மருமகளா, நாத்தனாரா? அம்பு எங்க போறதுன்னே தெரியலையே!"

சண்டைதான் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெண்மணிகளோ, "நாத்தனார்தாம்மா!" என்று ஆதியோடந்தமாகக் கதை சொல்ல ஆரம்பித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கவே மறந்துபோனார்கள்.

ஒப்பீட்டுக் கேள்விகள் என்றால் அவளுக்கு இன்னும் வெறி. திருச்சி வெயிலைச் சென்னை வெயிலோடு ஒப்பிடலாம், சென்னையோடு ஒப்பிடக் கூடாது, அதுதான் விதி. ஓர் ஓட்டல் வாசலில், 'மற்ற ஓட்டல்களைவிட எங்கள் தோசை மெல்லியது' என்று பலகை வைத்திருந்தார்கள். நேரே கல்லாவுக்குப் போய்விட்டாள்.

"அண்ணா, தோசை ஓட்டலைவிட மெல்லிசாத்தானே இருக்கும்? ஓட்டலுக்குச் செவுரெல்லாம் இருக்கே!"

கல்லாக்காரர் பலகையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் இவளைப் பார்த்தார். "ஏம்மா, சாப்பிட வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?"

"பரீட்சை முடிஞ்சுது. இனிமே சாப்பாடு. ரெண்டு ரவா தோசை சொல்லுங்கோ."

எனக்கோ அது கடைசி வாய்ப்பு. வயது வரம்பு தாண்டப் போகிறது. அதுவரை எழுதிய தேர்வுகளில் எல்லாம் ஆங்கிலம்தான் காலை வாரிவிட்டது. தெரியாமல் இல்லை, பயம். கேள்வியைப் பார்த்ததும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலாகிவிடும். "இந்தத் தடவையும் இல்லைன்னா, வர்ற வரன்ல ஒண்ணுக்குச் சரின்னு சொல்லிடும்மா" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். கல்யாணத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. தோற்றுப்போனவளாக மணவறையில் உட்கார மனமில்லை, அவ்வளவுதான்.

அதைக் கேட்டதும் அம்புக்குறி என்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தினமும் திருவானைக்காவலில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வந்துவிடுவாள்.

"விரலைத் தூக்குடி!"

"பக்கத்து வீட்டுல பார்க்கறாங்கடி."

"பார்க்கட்டுமே. அம்பு போடாம விடையைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்."

எனக்கு இந்த வயதில் பரதநாட்டியம் எதற்கு என்று பக்கத்து வீட்டு அம்மா எங்கள் அம்மாவிடம் விசாரித்தார்.

தேர்வு நாள் வந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே மையம். கம்ப்யூட்டரில் ஆங்கிலப் பகுதி திறந்ததும் வழக்கம்போல எழுத்துகள் நீந்தின. வேறு வழி தெரியாமல் விரலைத் தூக்கித் திரையில் ஒரு கோடு இழுத்தேன்.

கண்காணிப்பாளர் ஓடி வந்தார். "மேடம், ஸ்கிரீனைத் தொடாதீங்க!"

விரலை மடக்கிக்கொண்டேன். இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்தேன். அப்போது ஹாலின் மறுகோடியில் இன்னொரு கண்காணிப்பாளரின் குரல் கேட்டது.

"மேடம், எத்தனை தடவை சொல்றது? கையைக் கீழ போடுங்க!"

"தொடலை சார்! காத்துலதான் போடறேன்!"

அது யார் என்று எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தவளுக்கு அப்புறம் ஏது பயம்? விரலை மடியில் ஒளித்து வைத்து ஆட்டியபடி அத்தனை கேள்விகளையும் மளமளவென்று போட்டுத் தள்ளினேன்.

முடிவு வந்தபோது நாங்கள் பஸ்ஸில், காவிரிப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தோம். என் எண் இருந்தது. அவள் எண் இல்லை. கணக்கில் கோட்டை விட்டிருந்தாள். என்னை ஆங்கிலத்தில் கரையேற்றிய அந்த மாதங்களில் அவள் கணக்குப் பக்கமே போகவில்லை.

போனை மறைக்கப் பார்த்தேன். பிடுங்கிப் பார்த்தாள். ஒரு கணம் முகம் வாடியது. அடுத்த கணம், "பெருமாளே!" என்று கூவிக்கொண்டு எழுந்துவிட்டாள். "டிரைவர் அண்ணா, வண்டியை நிறுத்துங்கோ! என் ஃப்ரெண்டு பாஸாயிட்டா!"

"பாலத்து மேல நிறுத்த முடியாதும்மா" என்றார் கண்டக்டர். "நீங்க வேணா கைதட்டுங்க."

பஸ்ஸே கைதட்டியது. இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்த குதியில் கூடை வைத்திருந்தவர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டார்கள்.

என்னைவிட இளையவள் என்பதால் அவளுக்கு இன்னும் வாய்ப்பு இருந்தது. அடுத்த வருடம் தேறினாள். இப்போது வடக்கே ஏதோ ஒரு கிளையில் மேனேஜரைப் பேச விடாமல் செய்துகொண்டிருக்கிறாள். நான் மணப்பாறைக் கிளையில் இருக்கிறேன். வேலை கிடைத்தபோது என்னைப் பாராட்டியவர்கள் நிறையப் பேர். தான் தோற்ற அன்றைக்கு எனக்காகக் குதித்தவள் அவள் ஒருத்திதான்.