நான் நான் இல்லை என்கிறது லேப்டாப்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் மிகுந்த பணிவுடன் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும், தாங்கள் பல் பிடுங்கும் அந்தச் சாய்வு நாற்காலியும் நலமென்று நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை பூரண நலம். நான் நலமா என்று சொல்வதற்கில்லை. நான் நான்தானா என்பதே அலுவலகத்தில் விசாரணையில் இருக்கிறது. பதறாமல் மேலே படிக்கவும்.

இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் நான் ஆய்வாளன் என்பது தாங்கள் அறிந்ததே. கட்டடம் கட்டடமாக உச்சிக்கு ஏறி, இழுவைக் கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்றெல்லாம் அளந்து அறிக்கை கொடுப்பது என் வேலை. ஓய்வுபெற இன்னும் பதினாறு மாதம். இந்த நேரம் பார்த்து, கம்பெனியின் லேப்டாப், டேப்லட், போன் எல்லாவற்றையும் காவல் காக்க ஒரு பொறியாளர் அம்மாள் வந்து சேர்ந்தார். முப்பது வயதுகூட இருக்காது. எதையும் சலித்துப் பார்க்காமல் விடுவதில்லை என்பதால் வந்த வாரமே அவருக்குச் சல்லடை என்று பெயர் வைத்துவிட்டோம். அது அவர் காதுக்கும் எட்டியது. கோபித்துக்கொள்ளாமல், தன் தேநீர்க் கோப்பையில் அந்தப் பெயரையே எழுதி ஒட்டிக்கொண்டார்.

முதல் கூட்டத்தில் அவர் பேசப் பேச நான் வாயைப் பிளந்தேன். மூட அரை மணி நேரம் ஆயிற்று. இனிமேல் கடவுச்சொல்லே கிடையாதாம். "ஒரு தடவை உள்ள விட்டாச்சுன்னு மெஷின் சும்மா இருக்காது சார். நிமிஷத்துக்கு நிமிஷம் 'நீ யாரு, நீ யாரு'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். ஆனா அது கேக்கறதே உங்களுக்குத் தெரியாது" என்றார். விசைகளை நாம் தட்டும் தாளத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுமாம். தொலைந்த போன், எடுத்தவன் இரண்டு தட்டு தட்டுவதற்குள் தன்னைத்தானே துடைத்து வெறும் கண்ணாடித் துண்டாகிவிடுமாம். இனி வரப்போகும் லேப்டாப்புகள், தமக்கு அடுத்த மாதம் வரவிருக்கும் நோயை இந்த மாதமே சொல்லி, மாற்றுப் பாகத்தையும் தாமே கேட்டு வாங்கிக்கொள்ளுமாம். நம் பற்களுக்கு அந்தப் புத்தி வந்துவிட்டால் தங்கள் தொழில் என்ன ஆகும் என்று தங்களை நினைத்துக் கவலைப்பட்டேன். லேப்டாப் முதல் மூன்று வாரம் நம்மை உற்றுக் கவனிக்குமாம். அதற்குப் பிறகு வேறு யார் விரல் பட்டாலும் பூட்டிக்கொள்ளுமாம். என்ன அறிவு, என்ன அறிவு என்று வழியெல்லாம் வியந்துகொண்டே வீட்டுக்கு வந்து, வழக்கம்போல லேப்டாப்பைத் தங்கள் தங்கையிடம் கொடுத்தேன்.

இங்கே தங்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்பு லிஃப்ட் கதவில் என் கட்டைவிரல் நசுங்கியபோது, தற்காலிகமாக, அதாவது ஒரு பத்து நாளைக்கு, தங்கள் தங்கை என் அறிக்கைகளை அடித்துக் கொடுத்தாள். விரல் ஆறிவிட்டது. அந்தப் பத்து நாள்தான் இன்னும் முடியவில்லை. நான் அளவுகளைச் சீட்டில் கிறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பேன், அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அடிப்பாள், நான் பக்கத்து அறையில் காலை நீட்டி இளைப்பாறுவேன். ஆக, அந்த மூன்று வாரமும் லேப்டாப் கண்கொட்டாமல் கவனித்தது என்னை அல்ல.

போன செவ்வாய்க்கிழமை எல்லார் முன்னிலையிலும் மேலாளர், "ஒரே ஒரு அளவுதான், இங்கேயே போட்டுடுங்க" என்றார். நானும் கெத்தாக உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் நாலு எழுத்துத் தட்டினேன். ஐந்தாவது எழுத்துக்கு இடமில்லை. திரை சிவந்து, 'நீங்கள் இந்தப் பணியாளர் அல்ல' என்று எழுதியது. பிறகு என்னை ஒரு புகைப்படம் எடுத்தது. அதில் கண்ணை வேறு மூடியிருக்கிறேன். சட்டைப்பையிலிருந்த கம்பெனி போனும் உடனே அண்ணன் சொல்லைத் தட்டாத தம்பியாகப் பூட்டிக்கொண்டது. முகம் கழுவிக்கொண்டு வரலாம் என்று எழுந்து போனால், இரட்டைக் கண்ணாடிக் கதவில் முதல் கதவு என்னை உள்ளே விட்டது, இரண்டாவது கதவு என் அட்டையை ஏற்கவில்லை, திரும்பினால் முதல் கதவும் மனம் மாறிவிட்டது. நடுவில் நான் கண்காட்சிப் பொருளாக நிற்கிறேன். வெளியே காவலாளி; பத்தொன்பது வருடமாக தினமும் எனக்கு வணக்கம் வைப்பவர். "யோவ், என்னைத் தெரியலையா?" என்று கத்தினேன். "எனக்குத் தெரியுது சார், நீங்கதான்னு. கதவுக்குத் தெரியலையே!" என்று கண் கலங்கினார் அந்த நல்ல மனிதர்.

சல்லடை வந்து கதவைத் திறந்து, தன் அறைக்கு அழைத்துப்போய்க் கோடு கோடாக ஒரு படத்தைக் காட்டினார். "நிஜமான ஆள் இவங்கதான் சார்" என்றார். "ரொம்பக் கவனமானவங்க. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னாடி ஒரு நொடி நிக்கிறாங்க. பழைய அறிக்கையத் திறந்து ஒத்துப் பாக்கறாங்க. பழைய பதிவுகளையும் எடுத்துப் பாத்தேன். இங்க பாருங்க, போன வருஷம் ஒரு கம்பி தேய்மானம் அவங்களுக்குச் சந்தேகமா இருந்திருக்கு, பதினோரு தடவ திரும்பித் திரும்பிப் பாத்து, 'உடனே மாத்தணும்'னு ஒரு வரி சேர்த்திருக்காங்க. அந்தக் கம்பிய மாத்தும்போது உள்ள பாதி இழை அறுந்திருந்துச்சு." அந்த வரிக்காகத்தான் போன வருடம் எனக்குப் பாராட்டிதழ் கொடுத்தார்கள். முன்னறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன், தாங்களும் பார்த்து வாழ்த்தினீர்கள். அந்த வரி என் சீட்டில் இல்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கே உறைத்தது.

"ஆனா ஒண்ணு புரியல சார். தினமும் சாயந்திரம் ஏழு மணிவாக்கில வேலை நடுவுல நின்னுடுது. பன்னிரண்டு நிமிஷம். வந்து மறுபடி உக்காந்ததும் ரெண்டு வரிக்கு விசைய ஓங்கி அடிக்கறாங்க. அப்புறம் சரியாயிடுது. என்ன நடக்குது அப்போ?" என்று கேட்டார். என்ன நடக்கும்? அப்போதுதான் நான் பக்கத்து அறையிலிருந்து, 'என் மூக்குக்கண்ணாடி எங்கே?' என்று குரல் கொடுப்பேன். மைத்துனரே, முப்பத்தொரு வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் அவள் விசையை ஓங்கி அடிப்பது என் காதில் விழுந்ததே இல்லை. ஒரு பெட்டி மூன்றே வாரத்தில் அதைக் கண்டுபிடித்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதே சமயம் பிரமிப்பாகவும் இருந்தது. எதைப் பார்த்துப் பிரமிப்பது, பெட்டியையா அவளையா என்றுதான் தெரியவில்லை. அடிப்பது என் மனைவிதான் என்று ஒப்புக்கொண்டேன். "திங்கட்கிழமை அவங்களைக் கூட்டிட்டு வாங்க, இல்லாட்டி இந்த அறிக்கை எல்லாம் யாரோடதுன்னு மேலாளருக்கு நான் எழுதிக் கொடுக்கணும்" என்றார் சல்லடை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்து, "எட்டு வருஷமா நான் என்ன பண்றேன்னு அந்தப் பெட்டிக்காவது தெரிஞ்சுதே" என்றாள். அதோடு சரி. மூன்று நாளாக அளவோடுதான் பேசுகிறாள். இதற்குக் கத்தியிருந்தாலே தேவலை.

ஆகவே தங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் சொன்னால் தங்கள் தங்கை தட்டமாட்டாள். திங்கட்கிழமை என்னோடு வந்து, 'அவர் சொன்னதைத்தான் அடித்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். பதினாறு மாதம் மானத்தோடு ஓட்டிவிட்டால் போதும். இக்கடிதம் நம் இருவருக்குள் இருக்கட்டும். தங்கள் தங்கைக்கு இதைப் பற்றி மூச்சும் தெரியக்கூடாது. இல்லத்தார் அனைவருக்கும் என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள். தங்கள் கையில் பிடிபடும் எல்லாப் பற்களும் வலியில்லாமல் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன் (கதவு எப்படிச் சொன்னாலும்)

பின்குறிப்பு: அண்ணா, இதை எழுதுவது உங்கள் தங்கை. மேலே இருப்பது முழுவதையும் அவர் கூடத்தில் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். ரகசியக் கடிதமாம், "நீ எழுத்தை மட்டும் அடி, படிக்காதே" என்றார். இப்போது தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார். திங்கட்கிழமை நான் போக வேண்டியதில்லை, நேற்றே தனியாகப் போய் அந்தச் சல்லடைப் பெண்ணைப் பார்த்துவிட்டேன். ஒன்றும் தெரியாது என்று சொல்லவில்லை. தெரிந்ததை எல்லாம் சொன்னேன். இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பெண், பிறகு மேலாளரிடம் அழைத்துப்போய்ப் பேசியது. அடுத்த மாதத்திலிருந்து அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு, என் பெயரில். அவருக்கும் வேலை போகவில்லை. ஏறி அளப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனி அவர் அளவை ஏற்பதா, திரும்ப ஏறி அளக்கச் சொல்வதா என்று நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். இதை அவரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் அண்ணா. எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.