ரைட்டர் வாயில் வெற்றிலை

"இன்று முதல் என் பல் என் பொறுப்பு. எவரும் தலையிடக் கூடாது!" என்று மார்கழி பிறந்த அன்று வீட்டில் அறிவித்தேன். வீடு என்றால் என் மனைவி வெண்ணிலா. அரிசி களைந்துகொண்டே "சரிங்க" என்றாள். அவள் உடனே சரி என்றபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு நான் ரைட்டர், ஆள் கணக்கு எழுதுகிறவன். என் முன்பற்கள் எனக்கு முன்னாலேயே வாசலைத் தாண்டிவிடும். அவற்றை உள்ளே தள்ள, நாற்பது வயதில் சேலத்துப் பல் டாக்டர் கம்பி கட்டினார். போன தடவை பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். "கம்பி இடுக்குல சோறு தங்கி ஈறு வீங்கியிருக்கு. அடுத்த தடவையும் இப்படியே வந்தா கம்பியைக் கழட்டிடுவேன். அப்புறம் எல்லாம் முதல்லேர்ந்துதான்."

முதலிலிருந்தா? பட்ட பாடு போதாதா?

ஆனால் விடிகாலையில் ஏற்காட்டுக் குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். கூச்சம் உச்சந்தலை வரை ஏறும். அதனால் ஒரு யோசனை செய்தேன். பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, பிரஷ்ஷைத் துவைக்கிற கல்லில் தேய்த்தேன். சரக், சரக்! பக்கத்து ஊர் வெள்ளக்கடை வரை கேட்டிருக்கும்.

"நொம்ப நேரம் தேய்க்கறீங்க போலிருக்குதுங்க."

"பின்னே? பிரஷ்ஷைப் பாரு, எப்படித் தேஞ்சு போச்சுன்னு!"

"பிரஷ் தேஞ்சுதான் இருக்குதுங்க" என்று ஒப்புக்கொண்டாள். "இந்தாங்க, டாக்டர் எங்கிட்டக் குடுத்த மாத்திரை. மென்னு, பல்லெல்லாம் நாக்கால தடவித் துப்பிப் போடுங்க."

தேய்க்கவே வேண்டாத வைத்தியம்! மகிழ்ச்சியோடு மென்று, இருட்டில் துப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

எஸ்டேட் களத்தில் கூலியாட்கள் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். பேர் கூப்பிட வாயைத் திறந்தேன். மருதாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க ரைட்டரு, நாங்க வெத்தல போட்டா களத்துல துப்புவோம்னு ஊட்டுக்குத் தொரத்துவீங்க. இப்ப உங்கள யாருங்க தொரத்தறது?"

"வெத்தலையா? நானா? தொட்டதே இல்ல!"

நான் கத்தக் கத்த இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"அடேயப்பா, கடவாய் வரைக்கும் செவந்திருக்குது!" என்றான் சென்றாயன். "சுண்ணாம்பு எந்தக் கடையிலங்க வாங்குனீங்க?"

என் மோட்டார் பைக்கின் கண்ணாடியில் பார்த்தேன். கம்பி ஓரமெல்லாம் குங்குமம் அப்பின மாதிரி இருந்தது. யாரும் துரத்தாமலே வீட்டுக்கு ஓடினேன்.

"என்ன மாத்திரை புள்ள அது?"

"அழுக்கு இருக்கற எடம் மட்டுந்தான் செவக்குமாமுங்க. சுத்தமான பல்லுல ஒட்டவே ஒட்டாதாம்." சற்று நிறுத்தினாள். "நம்மூட்டுத் துவைக்கிற கல்லுல பூசியிருந்தா ஒட்டியிருக்காதுங்க."

துண்டால் வாயை மூடிக்கொண்டேன். திறக்கிற நிலையில் வாயும் இல்லை. ஒரு சொம்பு வெந்நீரை நீட்டினாள்.

"வெந்நீர் இருக்குதா? சொல்லவே இல்லியே?"

"பல்லு உங்க பொறுப்புன்னீங்க. கேட்டாத்தானுங்களே குடுக்கறது?"

அவள் டார்ச் அடிக்க, நான் தேய்த்தேன். கம்பிக்கு மேலே, கம்பிக்குக் கீழே, ஈறோரம், இடுக்குக்கென்று டாக்டர் கொடுத்த குச்சி பிரஷ்ஷால் ஒவ்வொரு சந்தும். சிவப்பு போகிறவரை விடவில்லை.

அன்று முதல் சாப்பிட்டுக் கை கழுவும்போதெல்லாம் உள்ளே மாத்திரை டப்பா கலகலக்கும்.

"மாத்திரை வேணுங்களா?"

"வேண்டாம், வேண்டாம்! இதோ தேய்க்கிறேன்!"

மறுபடி சேலம் போனோம். டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்த நேரம் முழுக்க நான் மூச்சே விடவில்லை.

"ஈறு நல்லா ஆறிடுச்சு. கம்பி அப்படியே இருக்கட்டும்."

போன உயிர் திரும்பி வந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், வெண்ணிலாவின் பையிலிருந்த டப்பாவைப் பறித்து மேஜைமேல் வைத்தேன். "இனி இது தேவையில்ல டாக்டர். மிச்ச மாத்திரையை நீங்களே வச்சுக்கங்க."

"மிச்சமா? நான் குடுத்ததே ஒண்ணுதானே?"

வெண்ணிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டப்பாவைத் திறந்தேன். உள்ளே, எஸ்டேட்டிலிருந்து நானே கொண்டுவந்து கொடுத்த காப்பிக்கொட்டை.