தக்காளி தந்த நற்சான்றிதழ்

மக்கள் நலனுக்காகவே புகைவிடுவதில் எண்ணூர்ப் பக்கத்து அந்தத் தொழிற்சாலைக்கு ஈரேழு உலகத்திலும் இணை கிடையாது. கொடியில் வெள்ளையாகக் காயப்போட்ட துணியைச் சாயங்காலத்துக்குள் இலவசமாகச் சாம்பல் வண்ணத்தில் திருப்பித் தரும். அப்பேர்ப்பட்ட வள்ளல், 'வீடுதோறும் பசுமை' என்று வீட்டுக்கொரு பாக்கெட் தக்காளி விதை வழங்கியபோது பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பே நெகிழ்ந்தது. விதைகளும் நெகிழ்ந்துபோய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டன. ஒன்றும் முளைக்கவில்லை.

மூன்றாவது மாடி யசோதராவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. காலடிப்பேட்டை மார்க்கெட்டில் வாங்கிய நாட்டுத் தக்காளியில் நல்லதாக ஒன்றைப் பிதுக்கி, விதையை டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டாள். இரண்டே நாளில் நுரை கட்டி நாறியது.

"இன்னாம்மே, கலீஜை டம்ளர்ல வச்சிகினு கீற?" என்றான் கணவன் பகலவன்.

"விதை மேல வழவழன்னு கீதே, அது போனாதான்யா நல்லா மொளைக்கும். நீ மூக்கைப் பொத்திக்கோ."

அலசி, தட்டில் உலர்த்தி, மொட்டைமாடியில் பழைய பெயின்ட் டப்பாக்களில் விதைத்தாள். இலைமேல் படியும் கரியைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தாள். முதல் பழத்தைப் பறித்து, முகர்ந்துகொண்டே வீட்டுக்கு இறங்கினாள். அன்றைய ரசத்தைப் பகலவன் மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தான்.

சேதி தொழிற்சாலை நிர்வாகத்துக்கு எட்டியது. 'சமூக நல்லுறவு' அதிகாரி பெனிட்டோ மூச்சிரைக்க மாடியேறி வந்தார். செடிகளைக் கண்டதும் கண்கலங்கினார். படம்பிடிக்கத் தகுந்த பச்சை அந்தக் குடியிருப்பிலேயே இது ஒன்றுதான்.

"நம்ம கம்பெனி விதை என்னமா காய்ச்சிருக்கு!"

"உங்க விதை மொளைக்கவே இல்ல சார். இது என் வூட்டு விதை."

பெனிட்டோ ஆழ்ந்து யோசித்தார். "விதை உங்களோடதாவே இருக்கட்டும்மா. காத்து யாரோடது? ராத்திரி பகலா நாங்க குடுக்கற காத்துலதானே வளர்ந்துச்சு?"

இந்த வாதத்திலிருந்த உண்மையை மறுக்க யசோதராவால் முடியவில்லை. "அது இன்னாவோ நெசந்தான் சார்" என்றாள், கரித்துணியைப் பிழிந்துகொண்டே.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் விழா. டப்பாக்களுக்கும் பச்சைக் காகிதம் சுற்றி மரியாதை செய்திருந்தார்கள். "இந்தத் தக்காளியே எங்கள் காற்றுக்கு நற்சான்றிதழ்!" என்று தொழிற்சாலை மேலாளர் முழங்கினார். யசோதராவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவளும் பூரித்துத்தான் போனாள். அந்தப் பூரிப்பில் நன்றாகச் சிவந்த ஒன்றைப் பறித்து, முந்தானையில் துடைத்து, மேலாளரிடம் நீட்டினாள்.

"துண்ணு பாருங்க சார். அவ்ளோ ருசியா கீது."

மேலாளர் அதைக் கைக்குட்டையோடு பிடித்துக் கேமராவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்ததும் பெனிட்டோவிடம் தந்தார். பெனிட்டோ மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

"இன்னா சார், யாருமே துண்ணலியே?"

பெனிட்டோ குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்கம்மா. இந்தப் பக்கம் விளையறது எதையும் வாயில வைக்கக் கூடாதுன்னு ஸ்டாஃபுக்குக் கம்பெனியில கண்டிப்பா சொல்லியிருக்காங்க. உடம்பு முக்கியமில்லையா?"

யசோதராவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. "அப்ப, இத்தினி நாளா துண்ணுகினு கீற நாங்க?"

பெனிட்டோ கனிவாகச் சிரித்தார்.

"நீங்கதான் எங்க ஸ்டாஃப் இல்லையேம்மா!"