இரண்டாம் முறை அளக்காதவர்

மனித குலத்தில் 'ஒருமுறை அளந்தவர்' என்றொரு இனம் உண்டு. ஏதோ காட்டில் ஒளிந்து வாழும் அபூர்வப் பிராணி என்று எண்ணிவிடாதீர்கள்; பேருந்தில் உங்களை இடித்துக்கொண்டு நிற்பவர்கூட அந்த இனமாக இருக்கலாம். கெட்ட சேதி வந்தால் இவர் கருவியைத் தட்டுவார், குலுக்குவார், பேட்டரியை மாற்றுவார், பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டு அவர் கண்ணாலும் பார்க்கச் சொல்வார். நல்ல சேதி வந்தால்? அந்தக் கணமே கடையைக் கட்டிவிடுவார்.

இந்த இனத்தின் உயர்ந்த மாதிரியாக ஒரு பௌதிகப் பேராசிரியரைச் சொல்லலாம். அவருடைய வேலை கறுப்பு வில்லை செய்வது. செம்பு, பேரியம், இட்ரியம் இவற்றின் பொடிகளைக் கலந்து, கை வலிக்க அரைத்து, வில்லையாக அழுத்தி, உலையில் ஆக்சிஜன் ஊட்டிச் சுட வேண்டும். உள்ளே அணுக்கள் பீரோவில் மடித்து வைத்த துணிபோல அடுக்கடுக்காகப் படுத்துக்கொள்ளும். செம்பும் ஆக்சிஜனும் கைகோத்த அடுக்குகளில்தான் மின்சாரத்தின் உல்லாசப் பயணம். மற்ற அடுக்குகள் நடுவில் கிடந்து அதற்கு வேண்டியதைக் கவனித்துக்கொள்ளும். திரவ நைட்ரஜனில் முக்கிக் குளிர வைத்தால் மின்தடை அடியோடு மறைந்துவிடும். முக்காவிட்டால் ஒன்றும் மறையாது. முக்காமலே மறையும் வில்லையை எவராவது செய்துவிட்டால் உலகமே அவர் வாசலில் வந்து நிற்கும்.

ஒரு பிற்பகல், நைட்ரஜன் குடுவையை இன்னும் திறக்கவே இல்லை, பேராசிரியரின் மீட்டர் தடை பூஜ்யம் என்று காட்டியது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பிறகு என்ன செய்தார் என்கிறீர்கள்? மீட்டரை அணைத்தார். வில்லையைக் கம்பிகளோடு ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து, "தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டினார். அன்றிலிருந்து யார் வந்தாலும் பெட்டியைக் காட்டுவார். மீட்டரை மட்டும் காட்டமாட்டார்.

"சார், இன்னொரு தடவை அளந்து பாக்கலாமா?" என்று கேட்டாள் அவருடைய ஆராய்ச்சி மாணவி. கேட்காமல் என்ன செய்வாள் பாவம்? அவள் சுட்ட வில்லைகள் எல்லாமே குளிரில்தான் தடையை விட்டன. அவரோ, தன் பூஜ்யத்துக்கு முரணாக இருக்கிறதென்று அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். வெளியூரில் அவளுக்குக் கிடைத்திருந்த வேலையோ ஆய்வேட்டுக்காகக் காத்திருந்தது.

"இன்னிக்கு வேணாம்மா. காத்துல ஈரம் ஜாஸ்தியா இருக்கு."

மறுநாள் ஈரம் இல்லை. கரண்ட் ஏறி இறங்கியது. அதற்கடுத்த நாள் கரண்ட் ஒழுங்காக இருந்தது. ஆகவே வில்லைக்கு ஓய்வு தேவைப்பட்டது.

வீட்டில் அவர் மனைவி நர்ஸ். சாப்பாட்டு மேஜையில் ஒரே கேள்விதான் கேட்டாள். "நான் ஒருத்தருக்கு பிரஷரே ரெண்டு தடவை பாக்குறேன். நீங்க உலகத்தையே மாத்தப் போற விஷயத்தை ஒரு தடவைதான் பாத்தீங்களா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாமதான் கேக்குறேன். பயமா இருக்கா?"

பயம்தான். அவருக்கே அது தெரியும். வில்லையில் நான்கு கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டுவார்கள். வெளிக் கம்பிகள் வழியே மின்சாரம் போகும், உள் கம்பிகள் மின்னழுத்தத்தைக் கவனிக்கும். உள் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், வில்லைக்குப் பதில் செங்கல்லை வைத்தாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். இதை வருஷா வருஷம் புது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். ஒரு காலை நேரம், அறையில் யாரும் இல்லாதபோது, லென்ஸ் வைத்துப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு உள் கம்பிகளுக்கும் நடுவே வெள்ளிப் பசை அழகாக வழிந்து பாலம் கட்டியிருந்தது. லென்ஸில் அழுக்கு என்று முடிவு செய்து, துடைத்து, உறையில் போட்டுவிட்டார்.

கடைசியில், சேதி பரவி, அதைச் சரிபார்க்க ஒரு நிபுணர் குழு வந்தது. தலைவி, நரைத்த தலையும் நிதானமான குரலுமாக ஒரு அம்மாள். பேராசிரியரின் பேச்சை முழுசாகக் கேட்டுவிட்டு, "ரொம்ப சந்தோஷம் சார். இப்பவே ஒரு தடவை அளந்து காட்டிடுங்களேன்" என்றார்.

பேராசிரியர் பெட்டியைத் தூக்கினார். இரண்டு கையாலும்தான் தூக்கினார். இருந்தும் அது கீழே விழுந்தது. கண்ணாடியோடு வில்லையும் பொடிப் பொடியானது. "ஐயையோ!" என்று அவர் அலறிய அலறலில், ஊன்றிக் கேட்டிருந்தால், ஒரு பெருமூச்சும் கலந்திருந்தது.

"பரவாயில்ல சார்," என்றாள் மாணவி. "அதே பொடி, அதே உலை, அதே நாள். கூடவே சுட்ட இன்னொரு வில்லை என்கிட்ட இருக்கு."

குழுவின் முன்னாலேயே கம்பி ஒட்டினாள். சாதாரணமாக வைத்தபோது மீட்டரில் தடை இருந்தது. நைட்ரஜனில் இறக்கினாள், எண்கள் சரிந்து பூஜ்யத்தில் நின்றன. வெளியே எடுத்தாள், தடை திரும்பி வந்தது. மறுபடி இறக்கினாள், மறுபடி எடுத்தாள். ஒவ்வொரு முறையும் அதே கதைதான்.

"சுத்தமான வேலை," என்றார் தலைவி. "உன் ஆய்வேட்டை ஏம்மா இன்னும் குடுக்கல?"

மாணவி பேராசிரியரைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மேஜையில் கிடந்த ஆய்வேட்டில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, உடைந்த துண்டுகளைக் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "பாத்தீங்களா, கூடப் பொறந்தது இவ்வளவு சாதாரணமா இருக்கு. அப்படின்னா உடைஞ்சது எப்பேர்ப்பட்டதா இருந்திருக்கணும்!"

இனி அதை யாராலும் அளக்க முடியாது. அந்த மனிதரின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவர் மனைவிகூட அதற்குமுன் பார்த்ததில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டு எடை மெஷின் போன மாதம் மூன்று கிலோ குறைத்துக் காட்டியதே, அதன்பிறகு அதில் ஏறினீர்களா? கல்யாணமான புதிதில், "உங்கள மாதிரி ஒருத்தர் கிடைக்க நான் குடுத்து வெச்சிருக்கணும்" என்று உங்களவர் சொன்னாரே. மறுபடி எப்போதாவது கேட்டுப் பார்த்ததுண்டா? கேளுங்களேன். அடுத்த அறையில்தானே இருக்கிறார்?