செடிப்பெட்டிக்குள் போன கோட்டு

பேரன்பும் பெரும்பொறுமையும் கொண்ட பெரிய மாமாவுக்கு,

உங்கள் மருமகள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், அங்கே எல்லோரும் நலமா என்றுதான் ஆரம்பிக்க வேண்டுமாம், அம்மா சொல்கிறாள். அங்கே நலமாகத்தான் இருப்பீர்கள். இங்கேதான் நலம் கொஞ்சம் இழுபறி. போனில் சொல்லலாம் என்றால், தீயணைப்பு நிலையத்திலிருந்து பேசுவதுபோல் நான் பேசிய நாளிலிருந்து என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆகவே தபால். இதுவும் என் சேட்டை என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கிழித்தே ஆகவேண்டும் என்றால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

பால்கனியில் தக்காளி வளர்க்கவேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். "நாலு பலகை, நாலு கால், இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி. குனியவே வேண்டாம்" என்று நீங்கள் போனில் சொன்னீர்கள். நீங்கள் தச்சர், மரத்தை இழைப்பவர். அப்பா தையல்காரர், நூலை இழுப்பவர். அவர் பலகையைத் தையல் மேசைமேல் விரித்தார், சாக்பீஸால் கோடு போட்டார், எல்லா ஓரத்திலும் கொஞ்சம் கூடுதலாக விட்டு அறுத்தார். "பலகைக்கு எதுக்குப்பா ஓரம் விடறீங்க?" என்றேன். "செடி வளரும்ல? அப்ப பிரிச்சு விட்டுக்கலாம்" என்றார். இப்படி விட்டு விட்டு, தொட்டியாக இருக்கவேண்டியது ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்குப் போய்விட்டது. கீழ்வீட்டு ஆன்ட்டி வந்து பார்த்துவிட்டு, "யாருக்கும்மா இது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தக்காளிக்கு" என்றாள் அம்மா. "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. "உள்ளே கெட்டித் துணி விரிங்க, மண்ணு ஒழுகாது" என்று நீங்கள் சொன்னீர்களே, அங்கேதான் வினை. அப்பாவின் அலமாரியில், தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் துணிகள் தொங்கும். அதில் கம்பளித் துணியில் தைத்த ஒரு கோட்டு, நான் பிறப்பதற்கும் முன்னால் தைத்தது. கொடுத்தவர் வந்து கேட்டபோது, உலகத்துத் தையல்காரர்கள் எல்லோரும் சொல்வதைத்தான் அப்பாவும் சொன்னாராம்: "நாளைக்கு வாங்க." அவர் வரவே இல்லை. அந்தக் கோட்டைத்தான் அப்பா பெட்டியின் அடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, கைகளை இரண்டு பக்கமும் நீட்டி, ஆணி அடித்தார். பொத்தான்களை மட்டும் வெட்டி டப்பாவில் போட்டுக்கொண்டார். "பொத்தான் ஓட்டை இருக்கே, தண்ணி வடியறதுக்கு வேற ஓட்டை எதுக்கு?" என்று தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார். அதன்மேல் மண், உரம். அம்மா விதையைக் கை போன போக்கில் தூவினாள்.

மாமா, தூவியது பெட்டி முழுக்க. முளைத்தது நடுவில் மட்டும், மேலிருந்து கீழாக, ஒரே கோட்டில். ஆமாம், அந்தக் கோட்டில்தான். அப்பா இன்ச் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். பிறகுதான் என்னிடம் சொன்னார்: "பொத்தானுக்குப் பொத்தான் நான் விட்ட அதே இடைவெளிம்மா." அதைத் தவிர பக்கத்துக்கு ஒரு செடி தனியாக நின்றது, கோட்டுக் கையின் மணிக்கட்டு வரவேண்டிய இடத்தில். நான் பயப்படவில்லை. அன்றைக்குப் பால்கனிக்குப் போகவேண்டிய வேலை எதுவும் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த மதியம் அவர் வந்தார். முன்னறைதான் அப்பாவின் கடை என்பதால் யார் வேண்டுமானாலும் வரலாம். நிழல் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. உச்சி வெயிலில் யாருக்குத்தான் இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மெலிந்த மனிதர், சலவைச் சட்டை, மிக மிக மரியாதை. "கோட்டு தயாரா ஐயா?" என்றார். அப்பாவின் முகம், துணியை ஓட்டித் தைக்கிற வெள்ளை நூல் மாதிரி வெளுத்தது. ஆனால் வாய் மட்டும் பழக்கதோஷத்தில் தானாகப் பேசியது: "நாளைக்கு வாங்க." அவர் தலையசைத்துவிட்டுப் போனார். வாசல் கால்மிதியில் ஒரு பொட்டு மண் இல்லை. பால்கனியிலிருந்து முன்னறை வரைதான் ஈர மண் சிந்திக் கிடந்தது.

"அவரா! அவரு அப்பவே போய்ச் சேர்ந்துட்டாரே. நாம சாவுக்குக்கூடப் போனோமே!" என்றாள் அம்மா.

"போய்ச் சேர்ந்தா என்ன? துணி போய்ச் சேரலையே" என்றார் அப்பா. "சொன்ன வாக்கு சொன்னதுதான்."

"அப்ப பெட்டியப் பிரிச்சுக் கோட்ட எடுத்துக் குடுங்கப்பா!" என்று நான் கத்தினேன். அம்மா பெட்டியை மறித்துக்கொண்டு நின்றாள். "இப்பதான் முளை விட்டிருக்குடி. கை வச்சே, கைய ஒடிப்பேன்."

உலகத்தில் யாராவது 'நாளைக்கு வாங்க' என்று சொன்னால் மறுநாளே வருவார்களா? இவர் வந்தார், மாமா. தினமும் வந்தார். அப்பா புதுத் துணி எடுத்து, புதுக் கோட்டு தைக்கத் துணிந்தார். அளவெடுக்க டேப்பை அவர் மார்பைச் சுற்றிப் போட்டார். டேப் எதிலும் நிற்காமல் சுருங்கிச் சுருங்கி அப்பாவின் கைக்கே திரும்பி வந்தது, ஈரமாக. அவர் வருத்தப்படவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். "அந்தக் குழந்தையின் அளவு எனக்குச் சரியாக இருக்கும்" என்றார். என்னை ஒட்டடைக்குச்சி என்று நீங்கள் கேலி செய்யும்போதெல்லாம் சிரித்தேனே, அந்த உடம்புதான் இப்போது காட்டிக்கொடுத்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தப் புதுக் கோட்டை எனக்குப் போட்டுப் போட்டுப் பார்க்கிறார் அப்பா. போட்டால் குளிர்கிறது. அது பரவாயில்லை. முதல் தடவை போட்டுக் கழற்றியபிறகு, கீழ்வீட்டு ஆன்ட்டிக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தேனே, அது என்னவென்று மறந்துவிட்டது. அடுத்த தடவை, "அம்மா" என்று கூப்பிட வாயைத் திறந்தால் "தாயாரே, சற்றுத் தண்ணீர் கிடைக்குமா?" என்று வந்தது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னமா நடிக்கிறா பாரு!" நான் நடிக்கவில்லை என்று அழுதேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தாள். அப்பாவுக்குக் கழுத்துப்பட்டை சரியாக உட்கார்ந்துவிட்ட சந்தோஷம், காது கேட்கவில்லை. நேற்று கண்ணாடியில் பார்த்தபோது, நான் நாக்கைத் துருத்தினேன். கண்ணாடி துருத்தவில்லை, மாமா. மரியாதையாகத் தலையசைத்தது.

இன்னும் பொத்தான் மட்டும்தான் பாக்கி. டப்பாவிலிருந்து அந்தப் பழைய பொத்தான்களை எடுத்து வைத்திருக்கிறார் அப்பா. அவற்றைத் தைத்து மாட்டிவிட்டால் கோட்டைக் கழற்றமுடியாது என்று எனக்கு உறுதியாகத் தெரிகிறது. எப்படி என்று கேட்காதீர்கள், தெரிகிறது. இந்த வீட்டில் அம்மா ஒருத்தர் பேச்சைக் கேட்பாள் என்றால் அது தன் அண்ணன் பேச்சைத்தான். உடனே கிளம்பி வாருங்கள். திருப்புளி, கடப்பாரை, ரம்பம், கையில் கிடைத்ததை எல்லாம் கொண்டுவாருங்கள். பெட்டியைப் பிரித்து, அவருடைய கோட்டை அவரிடம் கொடுத்து அனுப்பிவிடலாம். தக்காளியை நான் கடையில் வாங்கித் தருகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலிக்கு என் வாழ்த்து. இல்லை, வலிக்கு வாழ்த்து சொல்லக்கூடாது, முழங்காலுக்கு. பார்த்தீர்களா, இன்னும் நான்தான்.

இப்படிக்கு,
நீங்கள் வைத்த பெயரில் குட்டிச்சாத்தான்
(அசல் வந்திருப்பதால் பதவி பறிபோகும் நிலையில்)

பி.கு.: மதிப்பிற்குரிய ஐயா, மேலே கண்டவை யாவும் விளையாட்டுப் பிள்ளையின் கற்பனை. பொருட்படுத்த வேண்டாம். இக்கடிதத்தை ஒட்டுவதற்குள் பொத்தான் தைக்கும் வேலை முடிந்துவிட்டது. கோட்டு கச்சிதமாகப் பொருந்துகிறது. கைகளும் நன்றாக இருக்கின்றன. எழுதிப் பார்த்தேன், நடுக்கமே இல்லை. முழங்கால் வலியோடு தாங்கள் இவ்வளவு தூரம் அலையவேண்டிய அவசியம் இல்லை. தங்கள் மருமகளுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பெட்டி அவளுக்குத் தாராளமாக இருக்கிறது. காலையும் மாலையும் தங்கள் தங்கை மறக்காமல் தண்ணீர் ஊற்றுகிறார்.