தம்புள்ளையில் என்ன விலை தெரியுமா?

மொத்தவிலைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. மொத்த வியாபாரம் செய்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பாவம், உழைத்துச் சாப்பிடுகிறவர். நாம் பேசுகிற ஆள் வாழ்நாளில் ஒரு மூட்டையை வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. ஆனால் எந்த மூட்டை எந்த ஊரில் எத்தனைக்குப் போகிறது என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். மாத்தளை மாவட்டத்தில் இந்த இனம் நன்றாகச் செழித்திருக்கிறது. வடக்கே தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் என்று அவ்வளவு பெரிய மரக்கறி மொத்தச் சந்தையை வைத்துக்கொண்டு, அதன் காற்றுப் படுகிற தூரத்தில் குடியிருக்கிறவர்களுக்கு இது தொற்றாமல் இருக்குமா? பஸ் நிலையத்தில் பார்க்கலாம், சலூனில் பார்க்கலாம், மரண வீட்டிலும் பார்க்கலாம். மரண வீட்டில் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருவரைக் கிட்ட நின்று பார்ப்போம். பெயர் சுதர்ஷன். மாத்தளை டவுனில் ஒரு துணிக்கடையில், சேலைப் பகுதியில் நிற்கிறார். காலையில் கண் விழித்ததும் மற்றவர்கள் சாமி படத்தைப் பார்ப்பார்கள்; இவர் போனைப் பார்ப்பார். தம்புள்ளையில் போஞ்சி ஏறியிருக்கிறதா, கெப்பிட்டிப்பொலவில் கோவா இறங்கியிருக்கிறதா, புறக்கோட்டையில் பருப்பு எப்படி, பேலியகொடையில் மீன் எப்படி, மலைநாட்டு மரக்கறி எத்தனை வீதம், தாழ்நாட்டு மரக்கறி எத்தனை வீதம், போன கிழமையோடு ஒப்பிட்டால் என்ன, போன மாதத்தோடு ஒப்பிட்டால் என்ன என்று நாட்டை ஒருமுறை வலம் வந்த பிறகுதான் கட்டிலை விட்டு இறங்குவார். வீட்டில் இருப்பதோ இரண்டு கரட்டும் வாடிப்போன ஒரு கத்தரிக்காயும். அதனால் என்ன? நாட்டுக்காக யாராவது ஒருவர் கவலைப்பட வேண்டாமா?

அடுத்த கட்டம், வீட்டுக்குக் கீழே இருக்கும் கலந்தர் நானாவின் கடை. கால் கிலோ போஞ்சி வாங்க மனைவி அனுப்பியிருப்பாள். சுதர்ஷன் ஒரு போஞ்சியை எடுத்து, முறித்து, முகர்ந்து, விலையைக் கேட்டு, கேட்ட விலையில் நெஞ்சடைத்து நிற்பார்.

"நானா, இது தம்புள்ளையில என்ன விலை தெரியுமா?"

"சொல்லுங்களேன் தம்பி."

சொல்வார். கடையில் நிற்கும் மற்றவர்களுக்கும் கேட்கும்படியாகத்தான் சொல்வார். கலந்தர் நானா தராசைத் துடைத்தபடி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, தம்புள்ள விலைக்கே தாறேன். நீங்க தம்புள்ளைக்கே போய் எடுத்துக்கங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சுதர்ஷனும் சிரிப்பார், ஆனால் அது அரசாங்கத்தையும் மக்களையும் சேர்த்து மன்னிக்கிற சிரிப்பு. பிறகு கால் கிலோவைக் கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டு படியேறுவார்.

இதே மனிதரிடம் துணிக்கடையில் ஒரு பெண் வந்து, "இந்தச் சேலை கொழும்புல மொத்தமா எடுத்தா பாதி விலைதானே?" என்று கேட்டால்? "அக்கா, அது கொழும்பு. இது மாத்தளை" என்று சேலையை மடித்துவிடுவார். அந்த இடத்தில் மட்டும் ஏனோ அவருக்கு மொத்தவிலை ஞாபகத்துக்கு வருவதில்லை.

இப்படியே இருந்திருந்தால் யாருக்கும் நட்டம் இல்லை. சும்மா வாயில் போகிற விலைதானே? ஆனால் இந்த வருடம் கோயில் திருவிழா வந்தது.

சுதர்ஷனின் மனைவி கலாராணி, வீட்டில் சோறு சமைத்து பதினைந்து பார்சல் கட்டி, பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். கைப்பக்குவம் அப்படி, கடைக்காரர்கள் பகல் பன்னிரண்டுக்கே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கடைக்காரர்களின் சங்கத்துக்கு ஒரு நாள் அன்னதான உபயம். சங்கத் தலைவர் செல்லையா படியேறி வந்து, "இருநூறு பேருக்கு நீதான்மா சமைக்கணும்" என்றார். கலாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. பதினைந்து பார்சலில் முடிகிற கையல்ல தன் கை என்று அவளுக்கு எத்தனையோ நாளாகத் தெரியும், ஊருக்குத்தான் தெரியாது. கோயில் சோறு வாய்க்கு நன்றாக இருந்தால் நாளைக்குக் கலியாண வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், சடங்கு வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். கெட்டுப்போனால் இருநூறு பேரும் ஊர் பூராவும் சொல்வார்கள்.

"போஞ்சி, உருளைக்கிழங்கு, கத்தரிக்கா, பெரிய வெங்காயம். கலந்தர் நானாகிட்ட சொல்லி வச்சா எல்லாம் எடுத்துத் தருவாரு" என்றாள்.

சுதர்ஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து இந்த நாளுக்காகத்தானே அவர் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார்?

"சில்லறை விலையில அன்னதானமா? சாமி குத்தமாயிரும் கலா. நானே தம்புள்ளைக்குப் போறேன்."

"நீங்க அங்க ஒருநாளாவது போயிருக்கீங்களா?"

"போனாத்தானா? எனக்குத் தெரியாத விலையா?"

கலாராணி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, கட்டியவர் முதல்முறையாக ஒரு வேலைக்குத் தானாகவே முன்வருகிறார் என்ற அதிசயத்தில், தலையாட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டலை நினைத்து அவள் இன்றைக்கும் வருந்துகிறாள்.

அன்னதானத்துக்கு முதல் நாள் சுதர்ஷன் லீவு போட்டு பஸ் ஏறினார். நாலந்தை தாண்டி, நாவுல தாண்டி, தம்புள்ளையில் இறங்கி அந்த நிலையத்துக்குள் நுழைந்ததும் அவருக்கு ஒரு சின்ன ஏமாற்றம். லொறிகள் உறுமின, மூட்டைகள் தலைக்கு மேலே பறந்தன, ஆனால் அவர் வந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை. போனில் இருந்த விலை ஒரு கடையில் இருந்தது, அடுத்த கடையில் இல்லை. பேசிக்கொண்டு நிற்கும்போதே மாறியது. ஒரு கடையில் போஞ்சி கேட்டார்.

"கோனி கீயக்த ஓன, மஹத்தயா?" எத்தனை மூட்டை வேண்டும் என்று கேட்டார் வியாபாரி.

பதினைந்து கிலோ போதும் என்று சுதர்ஷன் தனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில் சொன்னார். வியாபாரி பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு இதைச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அங்கே மூட்டையைப் பிரிக்க மாட்டார்களாம். போனில் அதை மட்டும் யாரும் போடவில்லை.

சரி, ஒரு மூட்டையே எடுத்திருக்கலாம். ஆனால் போஞ்சி அன்றைக்கு ஏறியிருந்தது. ஏறியிருக்கிற பொருளை ஒரு மொத்தவிலைக்காரர் வாங்குவாரா? அது தெரிந்தே தோற்பது அல்லவா? உருளைக்கிழங்கும் ஏறுமுகம். கத்தரிக்காய் அசையவில்லை, அசையாத பொருளில் என்ன சுவாரசியம்? பெரிய வெங்காயம் நாளைக்கு இறங்கும் என்று அவர் உள்மனசு சொன்னது. வீழ்ச்சி எதில் அதிகம் என்று போனைத் தட்டினார். பூசணிக்காய். போன கிழமையோடு ஒப்பிட்டால், அது விழுந்த வீழ்ச்சியைப் பார்க்க அவருக்குக் கண் பனித்தது. அதற்கு அடுத்தபடி பச்சை மிளகாய்.

அதோடு நின்றாரா? தம்புள்ளைப் பூசணிக்காய் கலேவெலப் பக்கமிருந்துதானே வருகிறது, அங்கேயே போனால் இன்னும் குறைவுதானே என்று ஒரு யோசனை வந்தது. மாத்தளை ஒரு திசை, கலேவெல வேறு திசை. ஒரு சின்ன லொறியை வாடகைக்குப் பிடித்து, ஒரு மூட்டை பச்சை மிளகாயை வாங்கி ஏற்றி, கலேவெலவுக்குப் போய் மூன்று மூட்டை பூசணிக்காயை ஏற்றி, போன வழியே திரும்பி, மாலை சாயும்போது வாசலில் வந்து இறங்கினார். லொறி வாடகை எவ்வளவு என்று கேட்காதீர்கள். அது எந்த விலைப் பட்டியலிலும் வருவதில்லை.

கலாராணி மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பூசணிக்காய். பூசணிக்காய். பூசணிக்காய். பச்சை மிளகாய்.

"போஞ்சி எங்கங்க?"

"ஏறிருச்சு."

"வெங்காயம்?"

"நாளைக்கு இறங்கும்."

"நாளைக்கு பந்திங்க!" கலாராணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இருநூறு பேருக்கு வெங்காயம் இல்லாம நான் என்னத்த தாளிப்பேன்? என் பேரு போயிரும்ங்க. நாளையோட என் பேரு போயிரும்."

அவள் அழுது சுதர்ஷன் அதிகம் பார்த்ததில்லை. விலை இறங்கியதைப் பற்றி விளக்க வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் அவருக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது, உண்மையாகவே இருந்தது. சாக்குப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

கலந்தர் நானா கடையில் வெங்காயம் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் திருவிழாக் கூட்டத்தில் முடிந்துபோயிருந்தது. நானா வெங்காயத்தை நிறுத்துக் கட்டினார். விலையைச் சொன்னார். சுதர்ஷன் ஒன்றும் பேசாமல் காசை நீட்டினார். நானா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தம்பி, மேலுக்குச் சரியில்லையா?"

அன்று இரவே கலாராணி எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். அருவாமனையைப் போட்டு சுதர்ஷனை உட்கார வைத்தாள். மூன்று மூட்டையையும் அவரே வெட்டினார். மறுநாள் பகல், கோயில் மண்டபத்தில் இலை விழுந்தது. பூசணிக்காய் சாம்பார், பூசணிக்காய் பால்கறி, மிளகும் வெங்காயமும் போட்டுப் பிரட்டிய பூசணிக்காய், தோலில் ஒரு துவையல், பச்சை மிளகாயில் ஒரு பச்சடி, கடைசியில் பூசணிக்காய் பாயாசம். வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினவர் சுதர்ஷன்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். மண்டபத்தில் சத்தமே இல்லை. பிடிக்கவில்லையோ என்று மிச்சம் வைத்த இலையைத் தேடினார். அப்போது உக்குவளையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து கேட்டார்.

"தம்பி, இந்தப் பூசணிக்கா என்ன விலைக்கு எடுத்தீங்க?"

சுதர்ஷனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு விலையைச் சொன்னார். பந்தி முழுக்கத் தலை நிமிர்ந்தது. சோற்றில் இருந்த கைகள் அப்படியே நின்றன.

"அடடா," என்றார் பெரியவர். "கொஞ்சம் தள்ளி உள்ளுக்குப் போயிருந்தா இன்னும் குறைச்சு எடுத்திருக்கலாமே!"

மனைவி அழுததற்கும் தாங்கின நெஞ்சு இதற்குத் தாங்கவில்லை. சுதர்ஷன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

பந்தி முடிந்து செல்லையா கலாராணியிடம் வந்தார். "வெறும் பூசணிக்காயில இவ்வளவு செய்யலாம்னு இன்னைக்குத்தாம்மா தெரியுது. அடுத்த வருசமும் நீதான். பங்குனியில என் மக கலியாணத்துக்கும் நீதான்." கலாராணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். செல்லையா சுதர்ஷன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு. சாமானை நாங்க வாங்கித் தந்துருறோம்."

சுதர்ஷனுக்கு அது கேட்டது. கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தார். ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, தன்னை நினைத்தே. இப்போதெல்லாம் கலந்தர் நானா கடையில் அமைதியாகத்தான் வாங்குகிறார். காலையில் போனைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. மறுநாள் வெங்காயம் இறங்கியதா என்கிறீர்களா? ஏறியது.

போவதற்கு முன் ஒரு விஷயம். அந்தப் பூசணிக்காயை அவர் என்ன விலைக்கு எடுத்தார் என்று இங்கே எங்கும் சொல்லவில்லை. நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை என்றால் நல்லது, பிழைத்துக்கொள்வீர்கள். ஆனால் பெரியவர் கேட்ட இடத்தில், "கிலோ எத்தனையாம்?" என்று உங்களுக்கும் ஒரு துடிப்பு வந்ததா? சொல்லாமல் விட்டதில் ஒரு எரிச்சலும் வந்ததா? அப்படியானால் உங்கள் வீட்டில் சமைக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள், அடுத்த விசேஷத்துக்குச் சாமான் வாங்க யாரை அனுப்பப் போகிறார் என்று. இதை எழுதியவரும் தம் வீட்டில் கேட்டார். அம்மணி பையை எடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தானே கடைக்குப் புறப்பட்டுவிட்டார்.