கோழியின் பெயரும் வராத பார்சலும்

என்றும் என் மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அத்தானின் இருமல் அடங்கியிருக்கும் என்று நம்புகிறோம்.

அனுப்பியாகிவிட்டது என்று நான் போனில் சொன்ன பார்சல் மூன்று வாரமாக ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். அக்கா, அது அனுப்பப்படவில்லை. கூடத்து மேசையில் என் எதிரேதான் இருக்கிறது. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், கோபப்படாமல் படி.

பிரிண்டரின் வயரைத் தேடி அலமாரியின் மேல்தட்டைக் குடைந்தபோது என் தபால்தலை ஆல்பம் கிடைத்தது. நீ கல்யாணமாகிப் போன பிறகு வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் உறைகளிலிருந்து, கிண்ணத்துத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, பூகோளப் புத்தகத்துக்குள் காயவைத்து நான் ஒட்டியவை. நூற்றுப் பன்னிரண்டு தலைகள், ஒவ்வொன்றின் கீழும் கடிதம் வந்த தேதி. புரட்டப் புரட்ட அந்த நாள் வீடும், நீ எழுதிய நீல மையும், கடிதத்தை யார் முதலில் பிரிப்பது என்ற சண்டையும் கண்முன் வந்து நின்றன. இது உன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

தபால் நிலையத்தை இப்போது பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இந்தக் காலோடு அங்கே போக வேண்டாம், வீட்டிலேயே தபால் கட்டணம் செலுத்தி, லேபிள் அச்சடித்து ஒட்டி, கம்ப்யூட்டரிலேயே பதிந்தால் தபால்காரர் வந்து வாங்கிக்கொள்வார் என்று மகள் போனில் சொன்னாள். மருந்தகத்தில் முப்பத்து மூன்று வருடம் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டியவனுக்கு இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன். எடை போட வேண்டுமாம். சமையலறைத் தராசு போதவில்லை. பார்சலைக் கட்டிக்கொண்டு ஆள் எடை பார்க்கும் மெஷினில் ஏறினேன், பிறகு வெறுங்கையோடு ஏறினேன். மூன்று தடவை இப்படிச் செய்தேன், மூன்று எடை வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் காரணம் என்று உன் தம்பி பெண்டாட்டி கண்டுபிடித்தாள்.

பணம் செலுத்த ஒரு கணக்குத் திறக்க வேண்டும், அதற்கு ஒரு கடவுச்சொல், கடவுச்சொல் மறந்தால் கேட்க ஒரு ரகசியக் கேள்வி. 'நீங்கள் வளர்த்த முதல் பிராணியின் பெயர் என்ன?' நம் கோழியை நீ பவுனு என்பாய், அதன் நடையைப் பார்த்து நான் டீச்சர் என்பேன். அந்தக் கோழிக்காக நாம் போட்ட சண்டையெல்லாம் நினைத்துச் சிரித்தபடி ஏதோ ஒன்றை அடித்தேன். லேபிளும் வந்தது. ஒரு காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டினேன்.

அன்று மதியமே ஒரு மின்னஞ்சல். உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, பார்சல் நிறுத்தப்படும், உடனே இங்கே அழுத்தவும். காலையில்தானே கணக்குத் திறந்தோம் என்று நம்பி அழுத்தினேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். போன் நம்பர் கேட்டது, அதையும் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். மிகவும் மரியாதையான குரல். சரிபார்ப்பதற்காக அந்த ரகசியப் பதிலைச் சொல்லச் சொன்னாள். டீச்சர் என்றேன், தவறு என்றாள். பவுனு என்றேன், அதுவும் தவறாம். கோழிக்கு எப்படி இரண்டு பெயர் வந்தது என்று அவளுக்குப் புரியவைக்க ஆரம்பித்தேன் அக்கா, பேச்சு எங்கேயோ போய்விட்டது.

உன்னிடம் இதுவரை சொல்லாததை அவளிடம் சொன்னேன். நீ புகுந்த வீட்டுக்குப் போகும்போது பவுனுவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். மூன்றாவது வாரம் பந்து விளையாடப் போன அவசரத்தில் கூட்டை மூட மறந்துவிட்டேன். இருட்டும் வரை மூன்று தெரு தேடினேன், கிடைக்கவில்லை. அடுத்த நாளே உன் கடிதம்: பவுனு எப்படி இருக்கிறாள்? பவுனு நலம், நேற்றும் முட்டையிட்டாள் என்று எழுதினேன். அப்படியே நான்கு வருடம் எழுதினேன். உலகத்தில் எந்தக் கோழியும் அத்தனை முட்டை இட்டிருக்காது.

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அக்காகிட்ட இதைச் சொல்லிட்டீங்களா, ஐயா?"

"இன்னும் இல்லைம்மா."

அதற்குள் உன் தம்பி பெண்டாட்டி போனைப் பிடுங்கி, "யாரும்மா நீ? எந்த ஆபீஸ்ல இருந்து பேசற?" என்றாள். இணைப்பு அறுந்துபோனது.

மகள் கூப்பிட்டு அரைமணி நேரம் திட்டினாள். வந்த மின்னஞ்சலில் அழுத்தக் கூடாது, முகவரியை நாமே அடித்துத்தான் உள்ளே போக வேண்டும், கடவுச்சொல்லையும் போனுக்கு வரும் எண்ணையும் பெற்ற மகள் கேட்டாலும் சொல்லக் கூடாது. நல்லவேளை, எதுவும் போகவில்லை. யார் மனமும் நோக வேண்டாம் என்று 'பவுனுடீச்சர்' எனச் சேர்த்து அடித்திருந்தது பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தவறான பதில்களால் கணக்கு பூட்டிக்கொண்டது. திருடியும் நுழைய முடியவில்லை, நானும் நுழைய முடியவில்லை. அதைத் திறக்க நடந்த அலைச்சலில், தபால்காரரை வரச் சொல்லிப் பதிய முடியாமலே லேபிளின் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது.

முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொன்னதை உன்னிடம் சொல்லாமலிருக்க வெட்கமாக இருந்தது. அதனால்தான் போனில் பேசாமல் இதை எழுதுகிறேன். மன்னித்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

என்றும் உன் அன்புத் தம்பி.

பி.கு.: இத்தனை பக்கம் என்ன எழுதினீர்கள் என்று உன் தம்பி பெண்டாட்டி கேட்டாள், படித்துக் காட்டினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தலையைத் தூக்காமல், "உங்க அக்காவுக்கு அது முதல் மாசமே தெரியும். உங்க அம்மா அப்பவே எழுதிட்டாங்களாம். நம்ம கல்யாணத்தன்னிக்கே அக்கா எனக்குச் சொன்னாங்க" என்றாள். பிறகு ஏன் நீ நான்கு வருடம் கடிதத்தில் கேட்டுக்கொண்டே இருந்தாய் என்று அவளிடம் கேட்டேன். "கேக்கலைன்னா நீங்க பதில் எழுத மாட்டீங்கன்னுதான்" என்கிறாள். பார்சலைப் பிரித்துவிட்டேன். ஆல்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நாங்களே வருகிறோம். வாசலில் என்னைப் பார்த்ததும், பவுனு எப்படி இருக்கிறாள் என்று கேள்.